பிரான்சு முட்டை

அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்த எழுபதுகளின் ஒரு வருடம், அம்மா பாண்டிச்சேரி லாஸ்பேட்டை வீட்டின் பின்பக்கம் வெள்ளை லெகார்ன் கோழிகள் வளர்க்க ஆரம்பித்தாள். கோழிகள் மனது வைத்து முட்டையிட்டன. தெருதான் மனது வைக்கவில்லை.

"சேவலையே பாக்காத ஒட்டு ஜாதிக் கோழி. அது போடறதெல்லாம் ஒரு முட்டையா? புள்ளைங்களுக்கு எங்கேந்து தெம்பு வரும்?" என்று எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றே கேட்டாள். பழுப்பு என்றால் சத்து, வெள்ளை என்றால் சீக்கு. இதுதான் எங்கள் தெருவின் விஞ்ஞானம். அம்மாவுக்கும் அதே விஞ்ஞானம்தான். தன் கோழி முட்டையை விற்பனைக்கு வைத்துவிட்டு, எங்களுக்கு மட்டும் அடுத்த தெருவில் நாட்டு முட்டை வாங்கி அவித்துக் கொடுப்பாள்.

தீவனம் தீர்ந்துகொண்டே வந்தது. "இந்த வாரம் விக்கலன்னா கறிக்கடைக்குப் புடிச்சிக் குடுத்துட வேண்டியதுதான்" என்றார் அப்பா. ஒவ்வொரு கோழிக்கும் பெயர் வைத்திருந்த அம்மா அழுதேவிட்டாள். அதைப் பொறுக்காத அப்பா, ஒரு பலகையில் சாக்பீஸால் 'பிரான்சு முட்டை' என்று எழுதி வாசலில் மாட்டினார்.

"பொய்யாச்சே!" என்று பதறினாள் அம்மா.

"கோழிகிட்ட பாஸ்போர்ட்டா கேக்கப் போறாங்க?"

பாண்டிச்சேரியை அப்பா சரியாகத்தான் எடை போட்டிருந்தார். மறுநாளே எதிர்வீட்டு அக்கா கூடையோடு வந்தாள். "முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் என்னமோ நம்மூரு முட்டைன்னு நெனச்சிட்டேன்."

எங்கள் பயமெல்லாம் தெருக்கோடி சொல்தா ஐயாவைப் பற்றித்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குபவர், பிரான்சிலேயே வாழ்ந்தவர். அவர் உதட்டைப் பிதுக்கினால் கூடை அப்படியே தேங்கிவிடும். ஒரு நாள் வந்தே விட்டார். ஒரு முட்டையை எடுத்து வெயிலில் பிடித்தார், காதோரம் ஆட்டிப் பார்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"நான் அங்க இருந்தப்ப தெனமும் இதத்தான் சாப்புடுவேன். அதே வெள்ளை! ஒரு டஜன் குடுங்க" என்றவர், போகும்போது அம்மாவிடம் தலைகுனிந்து, "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அதற்கு முன் அம்மாவை யாரும் மதாம் என்று அழைத்ததில்லை.

அன்று எங்கள் தட்டில் வெள்ளை முட்டை விழுந்தது.

"நாட்டு முட்டை எங்கம்மா?"

"அது எதுக்கு இனிமே? சொல்தா ஐயாவே சொல்லிட்டாரு. இதுலதான் சத்து சாஸ்தி."

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. எனக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வயிறு நிறைந்திருந்தும் இன்னொரு முட்டை கேட்டேன்.