சாம்பியாவில் அப்பா நட்ட சபை

பழுப்பு டேப்பைச் சர்ரென்று இழுத்துப் பெட்டிகளின் வாயை ஒட்டுகிற சத்தத்தில்தான் எனக்குப் பதினொரு வயதான அந்தக் கோடையில் ஒவ்வொரு நாளும் விடிந்தது. லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் சின்ன பிளாட்டில், பைபிள்களும் பழைய உடுப்புகளும் நிரம்பிய பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. அப்பா பஸ் ஓட்டினார். ஓட்டாத நேரமெல்லாம் அவருக்கு "ஊழியம்". வருட விடுமுறையை மொத்தமாக எடுத்துக்கொண்டு சாம்பியாவின் வடக்கே ஒரு கிராமத்துக்குப் போவார். அங்கே ஒரு மாமரத்தடியில் நான்கு குடும்பங்களோடு அவர் தொடங்கிய சபை, அப்போது தகரக்கூரை வரை வளர்ந்திருந்தது.

அந்த வருடம் ஒருநாள் ஜெபம் முடிந்ததும், "இனி நாங்கள் எல்லாரும் அங்கை போய் இருப்பம்" என்றார்.

அம்மா முழங்காலிலிருந்து எழும்பவில்லை. "நான் ஒருக்கா யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தவள். இன்னொருக்கா என்னாலை ஏலாது."

"கூப்பிட்டது நானில்லை. கர்த்தர்."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே."

கடைசியில், பள்ளி விடுமுறை ஆறு வாரமும் போய்ப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பது என்று முடிவானது.

அந்தக் கிராமத்தில் அப்பாவின் ஆங்கிலப் பிரசங்கத்தைச் சனங்களின் பெம்பா மொழியில் சொன்னவர் முலெங்கா அன்ரி. ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா இல்லாத மாதங்களில் சபையைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அப்பாவால் அங்கேயும் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. சனங்கள் உட்காரும் வாங்குகளை இடம் மாற்றினார், பாட்டுகளின் ஒழுங்கை மாற்றினார், சுவரை அளந்தார். அவர் அப்பால் போனதும் சனங்கள் பேசாமல் வாங்குகளைப் பழைய இடத்தில் தூக்கி வைப்பதை நான் பார்த்தேன். ஏனோ அவரிடம் சொல்லவில்லை. அம்மாவோ, வரவே மாட்டேன் என்றவர், பெண்களோடு கீரை ஆய்ந்துகொண்டு, பாஷை தெரியாமலே வாய்விட்டுச் சிரித்தார். லண்டனில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

கடைசி ஞாயிறு ஆராதனையில், குடும்பத்தோடு நிரந்தரமாக வந்து, சபையை நடத்தும் மேய்ப்பனாக இருக்கப்போவதாக அப்பா அறிவித்தார். முலெங்கா அன்ரி உடனே மொழிபெயர்க்கவில்லை. பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசைப் பெரியவர்கள் குனிந்து தங்களுக்குள் பேசி, முலெங்கா அன்ரியைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர் அப்பாவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்.

"பாஸ்டர், நீங்கள் இல்லாத மாதங்களில் நாங்கள் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. ஞானஸ்நானம் கொடுத்தோம், இறந்தவர்களை அடக்கம் செய்தோம். நீங்கள் வந்ததும் எல்லாரும் கை கட்டி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். விருந்தாளியாக எப்போதும் வாருங்கள். மேய்ப்பனாக வேண்டாம்."

அப்பா பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்து, சனங்களோடு சனமாக ஒரு வாங்கில் உட்கார்ந்தார். அம்மா நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று திரும்பினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இஞ்சை இருக்கலாம் எண்டு இப்பதான் நினைச்சனான், பிள்ளை."

முலெங்கா அன்ரியை நான் வெகுகாலம் வெறுத்தேன். அப்பா லண்டனில் மறுபடியும் பஸ் ஓட்டினார்; ஈஸ்ட் ஹாமில் ஒரு சபை, கோலியர்ஸ் வுட்டில் ஒரு ஜெபக்கூட்டம் என்று அலைந்தார்; எதிலும் ஆறு மாதம் நிலைக்கவில்லை. சாம்பியாவுக்கு அதன்பிறகு போகவேயில்லை.

இன்று அந்த பிளாட் கட்டடம் இல்லை. சாம்பியாவில் அந்த மாமரமும் விழுந்துவிட்டதாம். போன மாதம் முலெங்கா அன்ரி அப்பாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்: அவர்களுடைய சபையார் பக்கத்துக் கிராமத்தில் புதிதாகத் தொடங்கிய இன்னொரு சபை. அப்பா ஒவ்வொரு முகத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எல்லாம் புதுச்சனம். இவையளுக்கு என்னை ஆரெண்டே தெரியாது" என்றார்.

அதைக் குறையாகச் சொன்னாரா, நிறைவாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் எழும்பிக் கோட்டைப் போட்டார்.

"எங்கையப்பா?"

"சும்மா. நடந்திட்டு வாறன்."