செகண்ட்ஸ் மீன்

திருப்பூரில் குடிதண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்த காலத்தில், எனக்குக் கடல் தண்ணீர் லாரியில் வந்தது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பனியன் பெட்டி ஏற்றிப் போகும் கம்பெனி லாரி, திரும்பும்போது எட்டு டிரம் உப்புத் தண்ணீரோடு வரும். ஒரு செக்போஸ்ட்காரர் நம்ப மறுத்து, விரலை விட்டு நக்கிப் பார்த்துத் துப்பினாராம். அதன் பிறகு எங்கள் லாரியை அவர் நிறுத்தவே இல்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. சொந்த ஊரான மடத்துக்குளத்திலிருந்து எட்டாம் வகுப்போடு ஓடிப்போன நான், எங்கெங்கோ சுற்றினேன். கடலோர ஊரான மண்டபத்தில் வண்ண மீன் பிடித்து விற்பவர் ஒருவரிடம் இரண்டு வருஷம் தொட்டி கழுவினேன். கடைசியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறையில் வந்து நின்றேன். கையில் தோல் உரியும். உரிந்த இடத்தில் புதுத் தோல் வரும், அதுவும் உரியும். மற்றபடி வேலையில் குறையில்லை.

முதலாளிக்கு மீன் ஆசை வந்தது ஒரு பையரால். வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்க வருகிறவரை அங்கே எல்லோரும் பையர் என்றுதான் சொல்வார்கள். அந்த வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கோமாளி மீன்களின் படத்தைக் காட்டியிருக்கிறார். ஆரஞ்சு உடம்பு, அதில் மூன்று வெள்ளைக் கோடு. கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைப்பது பெரிய கலை என்றும் சொல்லியிருக்கிறார். "நாங்களே பண்ணிருவோம்" என்றுவிட்டார் முதலாளி. எந்த டிசைனைக் காட்டினாலும் அவர் சொல்வது அதுதான். பண்ணத் தெரியுமா என்பதை அப்புறம் விசாரிப்பார்.

பட்டறைக்கு வந்து, "யாருக்கப்பா மீனப் பத்தித் தெரியும்?" என்றார். நான் கையைத் தூக்கினேன். மீன்மேல் பிரியமெல்லாம் இல்லை. தோல்தான் காரணம்.

ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. தொட்டிகள், ஒரு பாய், ஒரு சாவி. பிறந்ததிலிருந்து என் கைக்கு வந்த முதல் சாவி.

"அடுத்த சீசனுக்குப் பையர் வர்றப்பக் குஞ்சு இருக்கோணும். இல்லீன்னா சாவியக் குடுத்துப்போட்டுப் பட்டறைக்குப் போயிரு" என்றார் முதலாளி.

மண்டபத்திலிருந்து இரண்டு மீன் வாங்கி வந்தேன்.

"ஆணு ஒண்ணு, பொண்ணு ஒண்ணு கேட்டு வாங்குனியா?"

"எல்லாமே ஆணாத்தான் பொறக்குமுங்க. சேத்து உட்டா, பெருசு எதோ அது பொண்ணாயிருமுங்க."

முதலாளி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "பிளீச்சிங் காத்து மண்டைக்கு ஏறிருச்சாட்ட இருக்குது."

ஆனால் அப்படித்தான் ஆனது. பெருத்தது ஓட்டுத் துண்டின்மேல் முட்டையிட்டது. சிறுத்தது பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறியது. முதல் ஈட்டுக் குஞ்சுகள் பொரித்த அன்றே செத்தன. கடல் தண்ணீர் வந்த ஒரு டிரம்மில் முன்பு துணி வெளுக்கும் பெராக்சைடு இருந்திருக்கிறது. இரண்டாவது ஈடு ஏன் செத்தது என்று இன்றும் தெரியாது. குஞ்சுகளுக்குத் தீனி, பச்சைத் தண்ணீரில் வளரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதைக் கட்டிங் வேஸ்ட் துணியில் வடிகட்டிப் போடுவேன். மூன்றாவது ஈட்டின்போது பச்சைத் தண்ணீர் கெட்டுப்போய், சில நாள் அரைத் தீனிதான். நூற்றுக்கணக்கில் பொரித்ததில் நாற்பது தப்பித்தன.

அந்த நாற்பதுக்கும் கோடு விழுந்து, பையர் வர இரண்டு நாள் இருக்கும்போது, முதலாளி செக்கிங் அக்காவை அனுப்பினார். செக்கிங் ஆகாமல் எதுவும் பையர் கண்ணில் படக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அக்காவுக்கு ஊர் குண்டடம், இருபது வருஷமாகத் துணியில் பழுது பார்த்த கண். ஒவ்வொரு மீனாகக் கண்ணாடி டம்ளரில் விட்டு, டியூப்லைட்டில் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்குக் கோடு பாதியில நின்னுபோச்சு. டேமேஜ்."

"அக்கா, இது துணியில்லீங்க."

"கோடுன்னாக் கோடுதான் கண்ணு. எதுல இருந்தா என்ன?"

பன்னிரண்டு டேமேஜ். கழித்த சரக்குக்குக் கம்பெனியில் செகண்ட்ஸ் என்று பேர்; அது வேலையாட்களுக்குப் போகும். நான் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். சாவி பாக்கெட்டில் இருந்தது; பேசவில்லை.

"செகண்ட்ஸ் நம்மளுக்குத்தான? ஊட்டுத் தொட்டியில உட்டுக்கறேன்" என்று பன்னிரண்டையும் வாளியில் எடுத்துக்கொண்டார்.

"நல்ல தண்ணியில பொழைக்காதுங்க."

"பழகிக்கும். நாமெல்லாம் இந்தூர்த் தண்ணிக்குப் பழகுலியா?"

பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டும் செத்தன. மறுநாள் அக்கா, "குவாலிட்டியே இல்ல" என்று என்னைத்தான் குறை சொன்னார்.

பையர் வந்தார். இருபத்தெட்டு மீனையும் பார்த்துத் தலையாட்டினார். திடீரென்று முட்டிபோட்டு, கண்ணாடியில் விரலை வைத்தார். அந்த ஒரு மீனுக்கு வலப்பக்கம் கோடுகள் ஒழுங்கு. இடப்பக்கம் நடுக்கோடு முறிந்து இரண்டு திட்டாக நின்றது.

முதலாளி "சாரி, சாரி" என்று பதறி, அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு பக்கமும் பாக்க மாட்டியா?"

"துணின்னாத் திருப்பிப் பாப்பனுங்க. இது நிக்கமாட்டீங்குதுங்களே."

பையருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. அவர் சொன்னதைக் கேட்டு முதலாளியின் முகம் மெல்ல மாறியது. என்னிடம் திரும்பினார். "கோடு நேரா இருக்கறது அவங்கூர்ல எல்லாக் கடையிலயும் கெடைக்குதாமா. ஒடஞ்சதத்தான் தேடி அலையறாங்களாமா. அந்தப் பன்னண்டும் எங்கப்பா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மின்விசிறியைப் பார்த்தார்.

அடுத்த சீசனுக்குள் இதே மாதிரி ஐம்பது வேண்டும் என்றார் பையர். "பண்ணிருவோம்" என்றார் முதலாளி.

அந்த வருஷம் முழுக்கக் கோட்டை உடைக்கப் பாடுபட்டேன். அதற்குள் எனக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. பொரித்தவையெல்லாம் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோலக் கோட்டோடு வந்தன. அரைத் தீனிதான் காரணமோ என்று ஒரு ஈட்டைப் பட்டினி போட்டுப் பார்த்தேன். பட்டினி போட்டவை செத்தன. கோடு உடைந்த அந்த ஒன்றும் வெயில் காலத்தில் மின்சாரம் போன ஒரு நாளில் செத்தது. அக்கா ஒவ்வொரு ஈட்டையும், இப்போது இரண்டு பக்கமும், பார்த்துவிட்டு, "ஒரு டேமேஜ்கூட இல்லியே கண்ணு" என்று உண்மையாகவே கவலைப்படுவார்.

சீசனுக்குப் பையர் வந்தார். கோடு ஒழுங்காயிருந்த முந்நூறு மீனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பனியனைப் பற்றிப் பேசப் போனார். முதலாளி கை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

பட்டறையில் நாலாம் நாள் தோல் உரிய ஆரம்பித்தது. அந்த வாரமே, கவனப்பிசகில், நான் வெளுத்த ஒரு ரோல் துணி திட்டுத் திட்டாக வந்தது. அக்கா அதை விரித்து டியூப்லைட்டில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இத அங்க பண்ணியிருக்கக் கூடாதா கண்ணு?" என்றார்.