மெயில் பெட்டியின் சாவியை உப்பு தின்ற கதை

டாங்கிள் என்றால் இப்போதைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரின் பின்னால் செருகும் கட்டைவிரல் அளவு சாவி. அது இருந்தால்தான் சில சாப்ட்வேர்கள் திறக்கும். 2005 ஐப்பசியில், மரக்காணத்தில் நான் மேனேஜராக இருந்த உப்பு வியாபார ஆபீஸில், எங்கள் மெயில் சாப்ட்வேர் திறக்கவில்லை. டாங்கிளை உருவிப் பார்த்தேன். முனை பச்சை பிடித்திருந்தது. ஜன்னல் கம்பியையே விட்டுவைக்காத உப்புக் காற்று, டாங்கிளுக்கு மட்டும் சலுகை காட்டுமா?

வாசலில் லாரிகள் நின்றன. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மூன்று உப்புக் குவியல்களின் சாம்பிளைக் கேரளத்து மீன் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பியிருந்தோம். பாஸான குவியல் எது என்று மெயில் வந்தபோது நான் லீவு. முதலாளி அந்தோணி சார் படித்தார், சந்தோஷப்பட்டார், எது பாஸ் என்பதை மறந்துவிட்டார். தப்பான உப்பு போனால் லோடு திரும்பி வரும், ஆர்டரும் போய்விடும். பெருமழை பிடித்துவிட்டால் லாரி உப்பளத்துக்குள் இறங்காது. அந்த வருஷத்து உழைப்பு கரைந்து ஓடும்.

வாங்கிய கதை

இந்த டாங்கிள் சாப்ட்வேருக்கு முன் நாங்கள் வைத்திருந்தது சாதாரண மெயில் சாப்ட்வேர். அதில் சேர்ந்த மெயிலை வேறு எதில் போட்டாலும் திறக்கும். புதுச்சேரியிலிருந்து வந்த விற்பனைக்காரர் அதையே குறையாகச் சொன்னார்.

"சார், எங்க சாப்ட்வேர்ல இருக்குற மெயில உலகத்துல வேற எந்த சாப்ட்வேரும் திறக்க முடியாது. அவ்ளோ சேஃப்டி!"

சார் அங்கேயே விழுந்துவிட்டார். உப்பளத்தில் புதுக் குவியலின் மேல் மரப்பலகையால் முத்திரை குத்தி வைப்போம். யாராவது அள்ளினால் குறி கலைந்துவிடும். "நம்ம முத்திரை மாதிரியே இருக்குதும்மா ஸ்டெல்லா" என்று பூரித்தார்.

நான் விற்பனைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நாளைக்கு வேற சாப்ட்வேருக்குப் போனா, பழைய மெயில எடுத்துட்டுப் போகலாங்களா?"

"நீங்க ஏன் மேடம் போகப்போறீங்க?"

அதைப் பதில் என்று சார் எடுத்துக்கொண்டார். சர்வரிலிருந்த மெயிலையெல்லாம், புதிதாக வருவதையும், அந்த சாப்ட்வேர் உருவித் தன் ஃபைலுக்குள் போட்டுக்கொண்டது. குவியலுக்கு ஒரு ஃபோல்டர், லாரிக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று என்று சார் அடுக்கி அழகு பார்த்தார்.

கூனிமேட்டு பாய்

விற்பனைக்காரருக்கு போன் போட்டேன். "புது டாங்கிள் பெங்களூர்லருந்து வரணும் மேடம். ஒரு வாரம் ஆகும்."

மெயில் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். கட்டம் கட்டமாகக் கிறுக்கல். உள்ளே ஃபோல்டர்கள் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும், சந்தேகமில்லை.

"கேரளாவுக்கே போன் பண்ணிக் கேக்கலாங்களா சார்?"

"வேணாம்மா! ஒரு மெயில வச்சுக்கத் தெரியாதவன் உப்ப எப்படி வச்சுக்குவான்னு கேப்பான்."

அப்போதுதான் புரோக்கர் பஷீர் பாய் ஞாபகம் வந்தது. கூனிமேட்டுக்காரர். எல்லா மெயிலிலும் அவருக்கு ஒரு காப்பி போகும். ஃபோல்டர், அடுக்கு எதுவும் அவரிடம் கிடையாது. எல்லாம் ஒரே இன்பாக்ஸில் கிடக்கும். வீட்டிலும் திறப்பார், பிரௌசிங் சென்டரிலும் திறப்பார். சார் அதைப் பார்த்து எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்!

"பாய், அந்த சாம்பிள் மெயில் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா, எங்க போகப்போவுது? ஃபார்வர்ட் பண்ணட்டா?" என்றவர் சிரித்தார். "அத எதுல திறப்பீங்க? நானே படிக்கிறேன். கழுவெளி ஏரிப் பக்கத்துக் குவியல்தான் பாஸ்."

கடைசி லாரி தார்ப்பாய் கட்டி ரோடு ஏறியபோது மழை பிடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பலகை

சொன்னபடி புது டாங்கிளோடு விற்பனைக்காரர் வந்தார். இந்த முறை ரப்பர் மூடியும் இருந்தது. பழைய மெயிலை ஒவ்வொன்றாக வெளியே ஃபார்வர்ட் செய்து முடிக்கிற வரைக்கும் அதை வைத்துக்கொண்டோம். பிறகு எந்த சாப்ட்வேர்க்காரர் வந்தாலும், உள்ளே என்னென்ன வசதி என்று நான் கேட்டதில்லை. வெளியே போக வழி உண்டா என்றுதான் கேட்டேன்.

டாங்கிளை விற்பனைக்காரரிடம் திருப்பிக் கொடுத்த அன்று, சார் முத்திரைப் பலகையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, இது வேப்பம்பலகை. ஒடைஞ்சா ஊர்ல எந்த ஆசாரியும் வேற செதுக்கித் தருவாரு. அதுவும் இல்லைன்னாகூட, என் குவியல்ல நான் உப்பு அள்ளலாம். திருடனுக்குத்தான்பா முத்திரை குத்துவாங்க. நீ எனக்கே குத்திட்டுப் போயிட்டியே!"