திருப்பிப் போட்ட சட்டை

எங்கள் தையல் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது. நான் மட்டும் அக்கா என்பேன், பக்கத்து மேசைக்காரி என்கிற உரிமையில். இரண்டு பேருக்கும் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தையல் மேல் விரலை ஓட்டி, பிசிறோ ஓட்டையோ இருந்தால் அங்கே அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நான் ஒட்டுவதைப் போல மூன்று பங்கு அவள் ஒட்டுவாள். தையல்காரர்கள் அவளைத் திட்டாத நாளில்லை.

வீட்டிலும் அவள் அப்படித்தான். எந்தத் துணி கையில் கிடைத்தாலும் திருப்பி, விரலை ஓட்டி, "ம், சரி" என்று சொன்ன பிறகுதான் மூச்சு விடுவாள். என் மகளுடைய பிறந்தநாள் கவுனை, அவள் போட்டுக்கொண்டு நிற்கும்போதே விளிம்பைத் திருப்பிப் பார்த்தவள். "மகராசி, கேக்கையாவது விட்டு வையேன்" என்றேன். துணி என்றில்லை, மனிதர்களிடமும் அதே பார்வைதான். யாராவது சிரித்தால் இவன் எதற்குச் சிரிக்கிறான் என்று யோசிக்கிற ரகம். கூட இருந்து பழகிப் பழகி எனக்கும் அந்த நோய் கொஞ்சம் தொற்றிக்கொண்டது.

புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. ஒரே மகன். துரை என்று செல்லமாகக் கூப்பிடுவாள். இருபத்தாறு வயது, வாட்டசாட்டமான ஆள். பிறந்ததிலிருந்தே எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வான்; பேச்சு நாலைந்து வார்த்தையோடு சரி. குளிப்பாட்டுவது, சட்டை போட்டுவிடுவது, ஊட்டிவிடுவது எல்லாம் அக்காதான். அவள் வேலைக்கு வரும் நேரத்தில் மட்டும் கீழ்வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார். அவரையும் அக்கா முழுசாக நம்பியதில்லை.

ஒருநாள் அக்கா வேலைக்கு வரவில்லை. லீவு போடுகிற ஆளே இல்லையே என்று மதியம் போய்ப் பார்த்தேன். துரையைக் கொண்டுவந்து விடாததால் அக்கா லீவு என்று நினைத்திருந்த கீழ்வீட்டுக்காரம்மாவிடம் சாவி வாங்கித் திறந்தால், குளியலறையில் விழுந்து கிடக்கிறாள். மணிக்கட்டு முறிந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். பக்கத்தில் துரை உட்கார்ந்திருந்தான், தலையில் சோப்பு காய்ந்து போய். "கீழே போய்க் கூப்பிடுடான்னு காலையிலேர்ந்து கத்துறேன்டி. அசையவே இல்லை" என்றாள். எப்படி அசைவான்? அவனை யாரும் எங்கேயும் தனியாக அனுப்பியதே இல்லையே.

மாவுக்கட்டுப் போட்டு வீடு திரும்பும்போது கேட்டாள்: "நான் அப்படியே போயிருந்தா?" அவள் குரலில் பயத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பதிலோடு வந்தவன் அவள் தம்பி. "அக்கா, இவனை மாதிரி வளர்ந்த பிள்ளைங்க சேர்ந்து இருக்கிற வீடு ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கேன். கூட ஆள் இருக்காங்க, ஆளுக்கொரு ரூம். நீ நல்லா இருக்கும்போதே அவன் அங்க பழகிடட்டும். உனக்கப்புறம் சட்டப்படி காப்பாளரா நான் இருக்கேன்."

சொல்லிவிட்டுக் கூரையில் இருந்த ஈரக்கறையை அண்ணாந்து பார்த்து, "இந்த ஒழுகலை அடைக்கணும்" என்றான்.

அவன் படியிறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்தாள். "பாத்தியா? என் வீட்டு மேல கண்ணு. பிள்ளையைத் தள்ளிட்டு இங்க குடிவரப் பார்க்கிறான்." எனக்கும் அப்படித்தான் பட்டது. அடுத்தவன் வீட்டு ஒழுகலில் இவனுக்கு என்ன அக்கறை?

ஆனாலும் போய்ப் பார்த்தோம். வேறு வழியில்லை. அக்கா படுக்கை விரிப்பை மோந்து பார்த்தாள். மெத்தையைத் தூக்கினாள். அடுப்படியில் மூடியிருந்த பாத்திரத்தையெல்லாம் திறந்தாள். குளியலறைத் தாழ்ப்பாள் ஆடுவதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு திருப்தி. அங்கே இருந்தவர்களில் ஒருவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார், ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கை ஆட்டினாள். "நாம வர்றது தெரிஞ்சு சொல்லி வச்சிருக்காங்க" என்று அக்கா என் காதில் கிசுகிசுத்தாள்.

பொறுப்பாளர் அம்மா நிதானமாகப் பேசினார். "ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். நடுவுல மட்டும் வராதீங்க, அவர் ஏங்கிப்போயிடுவார்."

வெளியே வந்ததும் அக்கா ஆரம்பித்தாள். "ஏன் வரக்கூடாதாம்? எதை மறைக்கிறாங்க?"

ஆனாலும் துரையை அங்கே விட்டுவிட்டு வந்து இரண்டு நாள் தாங்கினாள். அதற்குமேல் முடியாமல் என்னையும் இழுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். துரை சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தான். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தான். தையல், பிசிறு, கழுத்துப் பட்டி எல்லாம் வெளியே.

அக்கா வீடே அதிரக் கத்தினாள். "இதுதான் நீங்க பார்த்துக்கிற லட்சணமா? ஒரு சட்டையை நேராப் போட்டுவிட ஆளில்லையா?"

"அம்மா, அது அவராவே..." என்று பொறுப்பாளர் தொடங்கினார்.

"போதும். நான் கண்ணால பார்த்துட்டேன்" என்று மகன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள். துரை ஒரு தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தான். வாசலில் நான்தான் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். வழியெல்லாம் தம்பியைத் திட்டித் தீர்த்தாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் காலையில் துரைக்கு உடுத்திவிட நான் போனேன். அக்காவின் கை இன்னும் மாவுக்கட்டோடுதான் இருந்தது. சட்டையை எடுத்து அவன் தோளுக்குக் கொண்டுபோனேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். கட்டிலில் விரித்தான். கையை உள்ளே விட்டுத் திருப்பினான். தோள் தையல் மேல் விரலை ஓட்டினான், பிறகு அக்குள், பிறகு விளிம்பு. அக்கா தலையைச் சாய்த்துப் பார்ப்பாளே, அதே சாய்வு. "ம், சரி" என்றான். அப்படியே போட்டுக்கொண்டான். பொத்தான்கள் உள்ளே போய்விட்டதால் தடவித் தடவி, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டி முடித்து, அம்மா முன்னால் வந்து நின்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவைப் பார்த்ததும் அது அடங்கியது. அவள் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் அவனேதான் போட்டிருக்கான்டி. திருப்பி, தடவி, சரின்னு சொல்லிட்டா சட்டை ரெடின்னு நெனச்சிருக்கான். என்னைப் பார்த்துப் பார்த்து... அவனால முடியும்னு எனக்குத் தோணவே இல்லையே. ஒரு தடவைகூட அவன் கையில சட்டையைக் கொடுத்ததில்லையே."

நேராக்கிவிடக் கை நீட்டினேன். "விடு" என்றாள்.

அன்றைக்கு மதியமே திரும்பவும் பஸ் ஏறினோம். திருப்பிப் போட்ட சட்டையை ஊரே பார்த்தது. பார்த்தவர்களை அக்கா பதிலுக்கு முறைத்தாள். வழியில் என்னிடம், "தம்பியோட நீயும் காப்பாளரா கையெழுத்துப் போடணும்" என்றாள்.

"என்னை நம்புறியா?"

"உன்னையும்தான் நம்பலை. அதான் ரெண்டு பேர்."

"உன் தம்பி வீட்டு ஒழுகலை அடைக்கணும்னானே?"

"வந்து அடைக்கட்டும். பக்கத்துலயே நின்னு பார்ப்பேன்."

வாசலில் பொறுப்பாளர் நின்றிருந்தார். "நேத்து நான் பேசினது தப்பு" என்றாள் அக்கா. அவர் அதை வாங்கிக்கொள்வதற்குள் அடுத்ததையும் சொன்னாள்: "ஆனா பாத்ரூம் தாழ்ப்பாள் ஆடுது. அதைச் சொல்றது தப்பில்லை." இன்றைக்கே மாற்றிவிடுவதாக அவர் சொன்னார்.

துரை அழுவான், சேலையைப் பிடித்துக்கொள்வான் என்று அக்கா மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றாள். அவன் அவள் கையைத்தான் பிடித்தான். மாவுக்கட்டின் விளிம்பை மெல்லத் திருப்பிப் பார்த்தான். அதன் நீளத்துக்கும் விரலை ஓட்டினான். "ம், சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். திரும்பியே பார்க்கவில்லை.

அக்கா வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "ஒழுங்காப் பார்த்தானாடி, இல்ல சும்மா சொல்லிட்டுப் போயிட்டானா?"