எடை பார்த்த திங்கட்கிழமைகள்

நானா முதன்முதலாகத் தராசில் ஏறியபோது பூட்ஸும் கனத்த மேல்கோட்டும் போட்டிருந்தார். அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் நான் வேலை செய்த ஹலால் கறிக்கடையின் பின்பக்கம், ஆட்டுக்கறிப் பெட்டிகளை எடை பார்க்கும் தரைத் தராசு அது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை எடுத்தால்தான் சரியாகக் காட்டும் என்றேன். எடுத்தார். நூற்று அறுபத்தெட்டு பவுண்டு. கறி மடிக்கிற காகிதத்தில் எழுதிக்கொண்டேன். 2006-ஆம் வருடம், பிப்ரவரி மாதத்து முதல் திங்கட்கிழமை. திங்கட்கிழமைகளில் கடைக்கு விடுமுறை. முதலாளி ஆடு பிடிக்க வெளியூர் போய்விடுவார். கத்திகளைச் சாணை பிடிக்கவும் மேசைகளைக் கழுவிவிடவும் நான் மட்டும் வருவேன்.

நானா எனக்குச் சொந்தமில்லை. நாகூர்ப் பக்கம் அண்ணனை நானா என்போம். அவரும் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தேன். மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆராய்ச்சி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் டெக்சாஸில், ஆலனில் இருந்தாள். கம்பெனியில் கூட வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவரோடு சேர்ந்து மான் வேட்டை பழகியிருந்தார். சுட்ட மானை வெட்டிக் கொடுக்க ஆள் தேடித்தான் முதலில் எங்கள் கடைக்கு வந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். கடை மாடியில் எனக்கு ஓர் அறை. எனக்கு கார் ஓட்டத் தெரியாது. அந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாதவன் எங்கேயும் போக முடியாது. நாள் முழுக்க ஜனங்களோடு பேசுவேன்தான். எத்தனை பவுண்டு, பெரிய துண்டா சின்னத் துண்டா, கொழுப்பு எடுக்கணுமா, அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் யாராவது கேட்டால் எனக்கு நாக்கு எழாது. நானாவிடம் மட்டும் எப்படியோ எழுந்தது.

அலாஸ்காவின் வடக்கு மலைகளில் கேரிபு வேட்டைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. கிறிஸ்துமஸ் அட்டைகளில் வண்டி இழுக்கிற மான் இருக்கிறதே, அதன் காட்டு இனம் கேரிபு. ஆகஸ்ட் கடைசியில் அவை கூட்டம் கூட்டமாக மலையிறங்கி ஆற்றைக் கடக்கும் என்றார். அந்த அமெரிக்கர் முட்டி வலியால் வரவில்லை என்று சொல்லிவிட, நானா என்னைக் கேட்டார். நான் சிரித்தேன்.

"சிரிக்காதே தம்பி. பிஸ்மி சொல்லிச் சுடுறது நான் சுட்டுடுவேன். கிட்டப் போறப்ப உசுரோட கண்ணைத் தெறந்து பார்த்துச்சுன்னா அறுக்கணும்ல? அங்கதான் எனக்குக் கை நடுங்கும். நீ இல்லன்னா அந்தக் கறி எனக்கு ஹலால் இல்ல."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. என்னை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை என்பதும் உண்மை.

அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் வந்தார். கறி வெட்டும் எஃகு மேசையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் நான்கு கத்திகளை வைப்போம். எந்த ஆற்று மணலில் விமானம் இறக்கிவிடும், கூடாரத்தை எங்கே போடுவது, கரடி வராமல் கறியை எவ்வளவு தூரம் தள்ளித் தொங்கவிடுவது என்று விரலால் காட்டுவார். எலும்போடு சுமப்பதா, எலும்பை எடுத்துவிட்டுச் சுமப்பதா என்பதில் மட்டும் நான் சொன்னதுதான் முடிவு. சின்ன விமானம் என்பதால் ஆளுக்கு இவ்வளவு சாமான்தான் என்று கணக்கு இருந்தது. கூடாரம், தூங்கும் பை, கயிறு, கத்தி, உப்பு என்று ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதினோம். பல் துலக்கும் பிரஷின் காம்பைக்கூடப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தார்.

"பைலட் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டான். பூட்ஸு, ஜாக்கெட்டோட நம்ம வெயிட்டும் வேணுமாம். நம்மளையும் சரக்காத்தான் ஏத்துறான்." அதனால் மாதத்தின் முதல் திங்களன்று நாங்களும் ஏறி நின்றோம். நான் நூற்றுத் தொண்ணூற்றொன்று. "நீ ஏறினா பைலட் எறங்கிக்கணும் தம்பி. ரெண்டு பேர்ல யாருக்கு ஃப்ளைட் ஓட்டத் தெரியும்?" என்று அன்று முழுவதும் கேலி செய்தார்.

மார்ச்சில் நானா நூற்று அறுபத்தைந்து. ஏப்ரலில் நூற்று அறுபது. முதுகுப்பையில் பாஸ்மதி அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு தினமும் மேட்டில் ஏறி இறங்குவதாகச் சொன்னார். "எல்லாம் ட்ரெய்னிங்" என்றார். அன்று பெல்ட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்து இன்னொரு ஓட்டை போடச் சொன்னார். எலும்பு பிரிக்கும் கத்தியின் முனையால் போட்டேன். மேசையில் நான் வறுத்து வைத்திருந்த ஈரலில் இரண்டு துண்டு எடுத்தவர், மீதியைத் தட்டில் ஓரமாகத் தள்ளிக்கொண்டே பேசினார்.

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் பத்து வயதிலிருந்து ஆடு பார்க்கிறவன். அலைந்து மேய்ந்து மெலிந்த ஆடு வேறு, உள்ளே நோவு வைத்து மெலிந்த ஆடு வேறு. முதலாவதுக்குத் தொடை இறுகியிருக்கும். இரண்டாவதுக்கு முதுகெலும்பு இரண்டு பக்கமும் குழி விழும், கண்ணுக்கு மேலே பள்ளம் தட்டும். நானாவுக்கு நெற்றிப்பொட்டில் பள்ளம் விழுந்திருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை வற்றியிருந்தது. ஓட்டை போட்ட பெல்ட்டை நீட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

கூச்சம் என்று பிறரிடம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. சொன்னால் மலை போய்விடும், மலை போனால் திங்கட்கிழமை போய்விடும். மே மாதம் நூற்று ஐம்பத்தைந்து என்று எழுதினேன். ஒரு சாமான் எடுத்துப் போகக் கூடுதலாக இடம் கிடைத்தது என்று அவர் சந்தோஷப்பட்டார். நானும் கூடச் சிரித்தேன். இரவில் அல்ல, பட்டப்பகலில், கடையில் ஆட்கள் நிற்கும்போதே அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து கத்தி நழுவும்.

ஜூனில் தராசில் ஏறும்போது மறுபடியும் கதவைப் பிடித்தார். அன்று பிடி தேவைப்பட்டது. கையை எடுத்ததும் நூற்று நாற்பத்தொன்பது. நான் காகிதத்தில் எழுதவில்லை.

"என்ன தம்பி, எழுதிக்க."

"நானா, ஊர்ச் சந்தையில இப்படி ஒரு ஆடு வந்துச்சுன்னா நான் கை வைக்க மாட்டேன்."

சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஆளைப் பார்த்து ஆடுங்கிறே" என்றார். குரலில் கேலி இல்லை. "மகளுக்கு போன் பண்ணுங்க நானா. டாக்டர்ட்ட போங்க. மலை எங்கயும் போயிடாது" என்றேன். அவ்வளவு பேசியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. அவர் வரைபடத்தை மடித்தார். பழைய மடிப்பிலேயே மடியாமல் இரண்டு முறை பிரித்து மடித்தார். அடுத்த திங்கள் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. கத்திகளைக் கழுவி வைத்துவிட்டு, கதவைத் திறந்தே போட்டு மாலை வரை உட்கார்ந்திருந்தேன்.

வயிற்றில் கட்டி, ஆபரேஷன் முடிந்தது, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று மகள்தான் கடைக்கு போன் செய்து சொன்னாள். முதலாளி ஒருநாள் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தனியாக இருக்கக் கூடாது என்று மகள் அவரை ஆலனுக்கு அழைத்துப் போய்விட்டாள். வீட்டையும் விற்றாகிவிட்டது.

இன்றும் நானா நன்றாக இருக்கிறார். பெருநாளைக்குப் பெருநாள் போன் வரும். நான் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன். திங்கட்கிழமைகளில் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறேன். நானா உயிரோடு இருப்பதை நினைத்தால் சந்தோஷம். இத்தனை பெரிய ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆளை நான்தான் என் வாயாலேயே அனுப்பி வைத்தேன் என்பதும் கூடவே வரும்.

அவருடைய முதல் போன் அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. நாங்கள் மலையில் இருந்திருக்க வேண்டிய வாரம். குரல் மெலிந்திருந்தது. பின்னால் பேரப்பிள்ளை இங்கிலீஷில் எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு கேட்டார்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. எப்பக் கண்டுபிடிச்சே?"

ஜூன் என்று சொல்லியிருக்கலாம்.

"ஏப்ரல்ல நானா. பெல்ட்டுல ஓட்டை போட்ட அன்னைக்கு. சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு பேசாம இருந்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.  பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு மார்ச்சுலயே தெரியும் தம்பி. ரத்தம் போச்சு. நான் சொல்லிட்டா, நீ எதுக்குத் திங்கக்கெழமை எனக்காகக் கதவைத் தெறந்து வைக்கப்போறே?"

  இருவருமே போனை வைக்கவில்லை.