கால் எட்டாத மோட்டார் சைக்கிள்

என் கணவர் உயரம் குறைந்தவர். இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியிருக்க மாட்டார்.

கொழும்பில் ஒருவர் வெளிநாடு போகும் அவசரத்தில் விற்றதாம். தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. சாமான் வைக்க மூன்று பெட்டி, காற்றை மறைக்க ஒரு பெரிய கண்ணாடி, பாட்டுக் கேட்க ரேடியோ, பின்னுக்கு எடுக்க ரிவர்ஸ் கியர், பின்னால் இருப்பவர் சாய்ந்து உறங்க ஒரு சாய்மனை. இவை போதாதென்று, கைப்பிடியைச் சூடாக்க ஒரு சுவிட்ச். சித்திரை மாத மட்டக்களப்பில் கைப்பிடி சூடாவதற்குச் சுவிட்ச் எதுவும் தேவையில்லை என்று அதைச் செய்தவர்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவரும் ஒரு சூட்கேசோடு கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான். சூட்கேசுக்கு அலுமாரியின் மேல் இடம் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு இடம்விட வீட்டு வளவில் நின்ற முருங்கையைத்தான் வெட்ட வேண்டி வந்தது.

அவர் வாவியில் ஓடும் தோணிகளுக்கு எஞ்சின் விற்கிறவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவார். ஆனால் இந்த வண்டியில் எஞ்சினுக்கு ஒரு நோயும் இல்லை. அவர் ஏறி உட்கார்ந்தால் ஒரு காலின் பெருவிரல் மட்டும் நிலத்தைத் தடவும், மற்றக் கால் காற்றில் நிற்கும். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிற்கும்போதுதான் வினை. முதல் தடவை வளவுக்குள் விழுந்தபோது தூக்கிவிட எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். இரண்டாவது தடவை சத்தம் கேட்டு அவர் தானாகவே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது தடவை விழுவதற்கு முன் நான் சொன்னேன்: "இஞ்சருங்க, ஒருக்கா இறங்குங்க, பாப்பம்."

நான் உயரம். பள்ளிக்கூடத்தில் நெட்போல் குழுவுக்கு நன்மையாகவும், பிறகு கலியாணத் தரகர்களுக்குத் தலையிடியாகவும் இருந்த உயரம். உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பதிந்தன. ஸ்கூட்டிக்கென்று எடுத்த லைசன்ஸ் கைவசம் இருந்தது. பல வருடங்களாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் என்பதால் பாரமான வண்டிக்குப் பயமும் இல்லை. அன்று முதல் நான் ஓட்டினேன். அவர் பின்னால் சாய்மனையில் இருந்துகொண்டு, கப்பல் கப்டனைப் போல வழி சொன்னார். பிறந்ததிலிருந்து நான் போய்வருகிற வழிகளையும் சொன்னார்.

பின்னேரம் ஒன்றில் போனை நீட்டினார். கொழும்பு இளைஞர்களின் மோட்டார் சைக்கிள் குழுவொன்று பாசிக்குடாவுக்குப் பக்கத்தில் 'ட்ராக் டே' வைக்கிறதாம். பந்தயம் இல்லை. மூடிய றோட்டில் விருப்பமானவர்கள் விருப்பமான வேகத்தில் சுற்றிப் பழகலாம். அங்கே ஒரு பெரிய ஹோட்டல் வருவதாக இருந்தது. காட்டை வெட்டி, வளைந்து வளைந்து போகும் றோட்டெல்லாம் போட்டு முடித்தார்கள். ஹோட்டல் மட்டும் வரவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே குழியில்லாத றோட்டு, எந்த ஊருக்கும் போகாத அந்த றோட்டுத்தான்.

"பேர் குடுத்திட்டன் புள்ள," என்றார்.

"ஆருட பேர்?"

"என்ட பேர்தான்."

"ஆர் ஓட்டுற?"

"போய்ப் பாப்பமே," என்றார். திட்டம் எதுவும் இல்லாதபோது அவர் சொல்லும் வசனம் அது.

ட்ராக் டே நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஏறாவூர், வாழைச்சேனை எல்லாம் தாண்டி நான்தான் ஓட்டிப் போனேன். அந்த றோட்டின் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், பற்றைச் செடிகள் மறைத்த ஓர் இடத்தில், தோளில் தட்டினார்.

"நிப்பாட்டு. இனி நான் ஓட்டுறன்."

"என்னத்துக்கு?"

"எல்லாரும் பாப்பாங்கள் புள்ள."

இறங்கிக் கொடுத்தேன். அவர் ஏறி, முதுகை நிமிர்த்தி, அழகாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன். வாசலில் பெயர் பதிய நிற்க வேண்டும். அங்கே மணல். அவருடைய பெருவிரல் நிலத்தைத் தேடியது, மணல் விலகிக்கொண்டது. வண்டி மெதுவாக, மிகுந்த மரியாதையோடு, இடப்பக்கம் சாய்ந்து படுத்தது. பக்கவாட்டில் இரும்புச் சட்டம் இருந்ததால் வண்டிக்குக் காயமில்லை. அவருக்கும் இல்லை, வெளியில் தெரியும்படியாக.

வாவியில் எந்த மீனுக்கும் இல்லாத நிறங்களில் தோலுடுப்புப் போட்ட இளைஞர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். பச்சை உடுப்புக்காரன் ஒருவன், "அங்கிள், பஸ் ஸ்டாண்ட் அங்கால," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸைத் தூக்க ஐந்து பேர் வேண்டியிருந்ததை எண்ணி நானும் சிரிக்க முயன்றேன். முடியவில்லை.

அங்கே பயிற்சி கொடுப்பவர் காத்தான்குடிக்காரர். வளைகுடா நாடொன்றில் பந்தயத் தளத்தில் பல காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்: "இத ஆர் ஓட்டுற?"

இவர் உடுப்பிலிருந்த மணலைத் தட்டினார். நான் மறுபக்கம் பார்த்தேன். முழங்கால் நோவு, நித்திரைக் குறைவு, றோட்டில் குறை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"இவதான் ஓட்டுற," என்றார். "நான் வாங்கினதோட சரி. எனக்குக் கால் எட்டாது."

பத்து இருபது பேர் நின்ற இடத்தில் சத்தமாகவே சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. என்னை இவ்வளவு நேராக அறிமுகம் செய்து வைத்தது எங்கள் கலியாண வீட்டில்கூட நடக்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் என் மானத்துக்கு வந்த சோதனை. சுடிதாரோடு விடமாட்டார்களாம். யாரோ ஒரு பருத்த இளைஞனின் தோலுடுப்பைக் கொடுத்தார்கள். வயிற்றுப் பக்கம் இன்னொருவர் குடியிருக்கலாம், நீளம் மட்டும் கணுக்காலுக்கு மேலே நின்றுவிட்டது. பெட்டிகளைக் கழற்றினார்கள். பக்கக் கண்ணாடிகளை மடித்தார்கள். விளக்குகளுக்கு டேப் ஒட்டினார்கள். நகை கழற்றிய மணப்பெண்ணைப் போல வண்டி மெலிந்து நின்றது. ஆனாலும் மற்ற வண்டிகளுக்குப் பக்கத்தில் அது பெரிய மாமியாகத்தான் தெரிந்தது.

வளைவுகளில் அடையாளத்துக்குக் 'கோன்' என்று பிளாஸ்டிக் கூம்புகளை வைத்திருந்தார்கள். "அக்கா, கோனைப் பாத்தா கோனுக்குத்தான் போவீங்க," என்றார் பயிற்சிக்காரர். "கிறுகித் திரும்புற பக்கத்தப் பாருங்க. வண்டி தானா வரும்."

முதல் சுற்றில் வண்டி தானாக வரவில்லை. பிறேக் பிடித்தால் அது கேட்டது, யோசித்தது, பிறகுதான் இணங்கியது. மெதுவாகப் போகிறவர்களின் பிரிவில் என்னை விட்டிருந்தார்கள். அந்தப் பிரிவிலும் எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். பச்சை உடுப்புக்காரன் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் கையசைத்தான். றோட்டோரத்தில் என் கணவர் நின்று இரண்டு கையாலும் சைகை காட்டினார். லொறியை ரிவர்ஸ் எடுக்க உதவுகிறவர்களின் சைகை அது.

மூன்றாவது சுற்றோ நான்காவதோ, நீண்ட வலப்பக்க வளைவில், கோனை விட்டுவிட்டு வளைவின் முடிவைப் பார்த்தேன். வண்டி சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. திடீரென்று காலடியில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். ஏதோ கழன்று விழுந்துவிட்டதென்று நினைத்தேன். ஒன்றும் விழவில்லை. கால் வைக்கிற தட்டு றோட்டில் உரசியிருந்தது. வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்தபோது ஹெல்மட்டுக்குள் ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது நான்தான் என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

அடுத்த சுற்றில் வேண்டுமென்றே உரசினேன்.

நாள் முழுவதிலும் நான் ஒரே ஒருவரைத்தான் முந்தினேன். பச்சை உடுப்புக்காரன் வளைவைத் தவறவிட்டு மணலுக்குள் போய், காயமெதுவும் இல்லாமல், வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். நின்ற ஆளை முந்தியது கணக்கில் வராதென்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையசைத்தேன்.

கடைசியில் எல்லோரும் வரிசையாக மெதுவாகப் போகும் ஒரு சுற்று வைத்தார்கள். அதற்கு மட்டும் பின்னால் ஆள் ஏற்றலாம். என் கணவர் கேட்காமலே ஹெல்மட்டோடு வந்து நின்றார். இத்தனை நாளும் நான் வலப்பக்கம் சாய்ந்தால் அவர் இடப்பக்கம் சாய்வார். விழாமல் வண்டியைக் காப்பாற்றுகிறாராம்.

"இண்டைக்கு ஒண்டும் காப்பாத்த வேணாம்," என்றேன். "நான் சாயிற பக்கம் சாயுங்க."

"விழுந்தா?"

"விழுந்தா உங்களுக்குப் பழக்கம்தானே."

சாய்ந்தார். இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கன்னம் என் தோளில் முட்ட, முழுதாகச் சாய்ந்தார். வளைவில் தட்டு உரசியதும், "ஐயோ புள்ள!" என்று கத்தினார். வளைவு தாண்டியதும், "மறுகா இன்னொருக்கா!" என்றார். அவர் வழி சொல்லாமல் வந்த முதல் பயணம் அது.

வீடு திரும்பும்போது ஓட்டமாவடியில் சாப்பிட நிறுத்தினோம். பரோட்டா வந்தது. எடுத்துப் பிய்க்கப் பார்த்தேன். விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. வண்டியில் இருக்கும்வரை வராத நடுக்கம், இறங்கிய பிறகு கணக்குத் தீர்க்க வந்திருந்தது. அவர் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, மேலே குழம்பை ஊற்றினார்.

"ஏன் அப்பிடிச் சொன்ன நீங்க? அவ்வளவு ஆக்களுக்கு முன்னால," என்று கேட்டேன்.

"என்னத்த?"

"கால் எட்டாதெண்டு."

"கீழ விழுந்து கிடந்த ஆள் வேற என்னத்தச் சொல்ற?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஓட்டக்குள்ள அங்க நிண்ட எல்லாரிட்டயும் சொன்னன், அது என்ட மனிசியெண்டு. ஒருத்தனும் நம்பல்ல," என்று தட்டை என்னிடம் தள்ளினார்.