என் ஹெல்மெட் விளையாடிய சீசன்

அந்த ஹெல்மெட்டின் நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. நனைந்து காயாத சாக்கின் வாடை, யாரோ ஒருவன் தலையில் அப்பிய ஜெல், அதற்கு மேல் இன்னொருவனின் வியர்வை. உள்ளே ஒட்டியிருந்த பஞ்சுத் திண்டுகளில் பொன்னிற மயிர்கள். என் தலையில் அந்த நிறத்தில் ஒரு மயிரும் ஒருநாளும் முளைத்ததில்லை. ஆனாலும் அது என்னுடைய ஹெல்மெட்தான். பின்புறம் என் இலக்கம் எழுதியிருந்தது.

எண்பதுகளின் கடைசி அது. ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்து காட்டுவார்கள். அதைப் பார்த்துக் கிறுக்குப் பிடித்த மாணவர்கள் கல்லூரிக்குக் கல்லூரி அணி தொடங்கியிருந்தார்கள். கிழக்கு லண்டனில் நான் படித்த பாலிடெக்னிக்கிலும் ஒன்று முளைத்தது. பெயரில்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், மறிக்கிறவனை இடித்துத் தள்ளுவதும்தான் விளையாட்டு. நாலு முயற்சிக்குள் பத்துக் கஜம் நிலம் முன்னேறாவிட்டால் பந்து மற்றவர்கள் கைக்குப் போய்விடும்.

குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் நானும் அப்பாவும் அதைப் பார்ப்போம். அப்பா பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். எனக்கு ஒரு மாதம் எடுத்த விதிகள் அவருக்கு ஒரே மாலையில் விளங்கிவிட்டன.

"உது வேறை ஒண்டுமில்லைத் தம்பி, எங்கடை ஊர் வேலிச் சண்டைதான். மற்றவன்ரை காணிக்குள்ளை வேலியைக் கொஞ்சம் கொஞ்சமா அரக்கிறது. பார், அளக்கிறதுக்குச் சங்கிலியும் கொண்டு வாறாங்கள்."

அதற்குப் பிறகு ஓடுகிறவன் யாராக இருந்தாலும் "அரக்கு, அரக்கு" என்று அப்பா கத்துவார். எதிர்த்தரப்பு நிலம் பிடித்தால் வழக்குப் போட வேண்டும் என்பார். அவர் மனம்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஞாயிறுகளில்தான்.

நான் பருத்த உடம்புக்காரன். அதுவரை அது எனக்கு ஒரு தொல்லையாகத்தான் இருந்தது. பாலிடெக்னிக்கில் ஒரு வருடம் முழுக்க எவனும் என்னோடு நாலு சொல் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. ஒருநாள் கன்டீனில் ஒருவன் என் தோளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உன்னைப் போல ஒருவனைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றான். அவன்தான் அணியின் கப்டன். பயிற்சி கொடுப்பவனும் அவன், பந்தை எறிகிறவனும் அவன், பந்துகளை வாங்கிக் கொடுத்ததும் அவன் அப்பன். உன்னைத்தான் தேடினோம் என்று அந்த நாட்டில் எனக்கு யாரும் சொன்னதில்லை. வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: ஒரு ஆட்டத்திலாவது அவர்களில் ஒருவனாக நான் மைதானத்தில் நிற்க வேண்டும், அதை அப்பா கயிற்றுக்கு அப்பால் நின்று பார்க்க வேண்டும்.

மைதானம் என்றா சொன்னேன்? கவுன்சில் பார்க் ஒன்றின் ஓரம். அந்த வட்டாரத்து நாய்களெல்லாம் காலைக்கடன் கழிப்பது அங்கேதான். ஆட்டத்துக்கு முன்னால் வரிசையாக நின்று நாய்ப்பீ பொறுக்க வேண்டும், அந்தப் பொறுப்பு மாற்று ஆட்டக்காரர்களுக்கு. உடைமாற்றும் அறையில் தண்ணீர் வராது. சுவரெல்லாம் பூஞ்சணம். கப்டன் பேசும்போது வசனத்துக்கு ஒரு தரம் துப்புவான், மழையென்றால் அறைக்குள்ளேயே துப்புவான். மற்றவர்களும் துப்பினார்கள். துப்பாதவன் நான் ஒருவன்தான்.

போதாததற்கு ஹெல்மெட் தட்டுப்பாடு வேறு. கலைந்துபோன ஏதோ ஒரு அணியிடம் கழித்துவிட்ட சாமான்களைத்தான் வாங்கியிருந்தார்கள், அதில் பாதி வெடித்தவை. ஆகவே ஆட்டத்தில் யாருடைய ஹெல்மெட் உடைந்தாலும், தாடைவார் அறுந்தாலும், கப்டன் என்னைப் பார்த்துக் கையை நீட்டுவான். நான் கழற்றிக் கொடுப்பேன். அது எவன் தலையிலாவது ஏறி உள்ளே போகும். சேறும் சளியுமாகத் திரும்பி வரும். அந்த சீசன் முழுக்க என் ஹெல்மெட் விளையாடியது, நான் பெஞ்சில் இருந்தேன்.

ஏன் என்னை இறக்கவில்லை என்பதற்கு ஒரு போத்தல்தான் காரணம். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்போம். ஒரே ஒரு தண்ணீர்ப் போத்தல் சுற்றி வரும். ஒவ்வொருவனும் வாயை வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும், அது அவர்கள் சகோதரத்துவமாம். போத்தலின் வாயில் எச்சில் நூலாக இழுபடும். முதல் தரம் என் முறை வந்தபோது நான் வீட்டில் குடிப்பதுபோல அண்ணாந்து, உதடு படாமல் வாய்க்குள் ஊற்றினேன். வேண்டுமென்று செய்ததல்ல, எனக்கு வேறு மாதிரிக் குடிக்கத் தெரியாது. வட்டம் அப்படியே நின்றது.

"என்ன, எங்களுக்கு ஏதாவது வியாதியா?" என்று கப்டன் கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். கூட நின்று குடிக்க மாட்டாதவன் கூட நின்று இடிக்கவும் மாட்டான் என்று அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். நான் ஆட்டத்துக்கு ஆட்டம் போனேன், ஆட்டத்துக்கு ஆட்டம் அண்ணாந்து குடித்தேன், நாய்ப்பீ பொறுக்கினேன், ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். எல்லா ஆட்டத்திலும் தோற்றோம்.

வீட்டில் அம்மா என் விளையாட்டுப் பையைப் படி ஏற விடவில்லை. செத்த வீட்டுக்குப் போய்வந்தவனைப்போல என்னையும் பின்கதவால் வரச்சொல்லி நேரே குளியலறைக்கு அனுப்புவார்.

"சீ, அரியண்டம்! உதுக்குள்ளை என்ன செத்துக் கிடக்குது? உந்த ஊத்தையளோடை சேர்ந்து விளையாடாட்டி என்ன?"

நான் விளையாடவேயில்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

பனி கொட்டிய மாதத்தில் கப்டன் படுத்தான். தொண்டை வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, எழும்ப முடியாத காய்ச்சல். எச்சிலால் தொற்றும் காய்ச்சல் என்று டொக்டர் சொன்னாராம். முத்தமிட்டால் வருவது என்று பையன்கள் கேலி செய்தார்கள். பிறகு ஒவ்வொருவனாக விழத் தொடங்கியதும் கேலி நின்றது. போத்தல் போன வழியே காய்ச்சலும் போயிருந்தது. மாசி முடிவதற்குள் பாதி அணி படுக்கையில். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எனக்கு அதில் வந்த திருப்தியை நான் மறைக்கப் போவதில்லை.

கடைசி ஆட்டத்துக்கு ஆள் போதவில்லை. கப்டனே தொலைபேசியில் கூப்பிட்டு, தொடக்கத்திலிருந்தே நீ விளையாடுகிறாய் என்றான். அப்பா ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டார். அம்மாவுக்கும் சந்தோஷம் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது. அதுவரை தொடாத பையை அவராகவே திறந்து எல்லாவற்றையும் தோய்த்துக் காயப்போட்டார். காலுறைகள் அவ்வளவு வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை.

நடுவர் ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். பல் உடையாமல் இருக்க வாய்க்குள் ஒரு ரப்பர் காப்பு வைத்துக் கடித்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார். வெந்நீரில் ஒரு கணம் தோய்த்து இளக்கி, அவரவர் பல்லுக்கு அளவாகக் கடித்துப் பதித்துவைப்பது அது. என்னுடையதைச் சவர்க்காரப் பெட்டி ஒன்றில் வைத்திருந்தேன். மைதானத்தில் நின்று பெட்டியைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் நிறத்தில் சுருண்டு திரண்ட ஒரு கட்டி கிடந்தது. அம்மா அதையும் விடவில்லை. எச்சில்பட்ட சாமானென்று உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து எடுத்திருந்தார்.

கயிற்றுக்கு அப்பால் அப்பா நின்றார். பெட்ரோல் நிலையத்து ஜாக்கெட், கையில் பிளாஸ்க். என்னைக் கண்டதும் பிளாஸ்க்கை உயர்த்திக் காட்டினார்.

கப்டன் நோயிலிருந்து எழும்பி, விளையாடக்கூடாது என்ற கட்டளையோடு, நீளக் கோட்டில் வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் கோட்டுப் பையில் கையை விட்டுத் தன்னுடைய பல்காப்பை எடுத்தான். கம்பளித் தும்பும் புகையிலைத் தூளும் ஒட்டியிருந்தன. பல் தடங்களுக்குள் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. காற்சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு நீட்டினான்.

"விருப்பமில்லையென்றால் போய் உட்கார். உன் ஹெல்மெட்டை மட்டும் கொடு" என்றான்.

என்னைச் சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். பிளாஸ்க் இன்னும் உயரத்தான் இருந்தது. வாயைத் திறந்து அதை வைத்துக்கொண்டேன்.

வழுவழுவென்று இருந்தது. பிறகு கரகரத்தது. வேறொருவனின் பற்கள் என் பற்களுக்கு மேல் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. பழைய சிகரெட், பால், புளித்த வாய். விழுங்கினால் அவன் எச்சில், விழுங்காவிட்டால் வாந்தி. விழுங்கினேன்.

முதல் மோதலிலேயே மல்லாக்க விழுந்தேன். விழுந்த இடத்தில் அன்று எவனும் பொறுக்காமல் விட்டது ஒன்று இருந்தது. ஆனால் இரண்டாம் பாதியில் ஒருமுறை, எனக்கு முன்னால் நின்ற மலைபோன்ற ஒருத்தனைத் தோளால் தூக்கித் தள்ளிக்கொண்டே போனேன். நான் திறந்த வழியால் எங்கள் ஆள் ஓடினான். "அரக்கு! அரக்கடா தம்பி, அரக்கு!" என்று ஒரு குரல் பார்க் முழுக்கக் கேட்டது. அன்றும் தோற்றோம். கப்டன் என் முதுகில் அறைந்து, இப்போது நீ எங்களில் ஒருவன், ஹெல்மெட்டை நீயே வைத்துக்கொள் என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தால் பல்காப்பை விட அந்தக் குளிர்ச்சிதான் எனக்கு அதிகம் குமட்டுகிறது.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். இல்ஃபோர்ட் தாண்டிய பிறகு அப்பா கேட்டார்.

"நீ வாய்க்குள்ளை வைச்சது அந்தக் கோட்டுக்காரப் பெடியன்ரையோ?"

"ஓம்."

"கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை."

சித்திரை கழிந்து நான் விழுந்தேன். தொண்டைக்குள் முள்ளுக்கம்பி. கழுத்து தாடையோடு ஒன்றாகிவிட்டது. பரீட்சைகள் நான் எழுதாமலே வாசலோடு போயின. எப்படித் தொற்றுவது என்று டொக்டர் அம்மாவிடம் விளக்கினார். ஒருமுறை வந்தவர்களுக்குப் பொதுவாகத் திரும்ப வராது என்றும் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார், அப்பா பல்காப்புக் கதையைச் சொல்லிவிட்டார். அணியிலிருந்து ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. கப்டன். அவன் யாரென்று அம்மாவுக்குத் தெரியாது. மகனைப் பார்க்க ஒரு சிநேகிதன் வந்திருக்கிறான் என்று முகமெல்லாம் மலர, முன்னறையில் போர்வைக்குள் கிடந்த என்னிடம் கூட்டிவந்தார். வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த பொன்விளிம்புக் கோப்பையில் தேநீர், தட்டில் வடை. அவன் சோபாவின் விளிம்பில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தான். புதியவர்கள் சேர்கிறார்கள், ஹெல்மெட் தட்டுப்பாடு, என்னுடையதை எடுத்துப்போக வந்தேன் என்றான். எப்படி இருக்கிறாய் என்று அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கோப்பையைத் தூக்கினான். என் கழுத்தைப் பார்த்தான். உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோன கோப்பையைத் திரும்பக் கீழே வைத்தான்.

"இது இன்னும் தொற்றுமா?" என்று என்னைக் கேட்டான்.

எனக்குப் பேசக் குரல் இல்லை. அம்மா பின்வளவுக் கொட்டிலில் கவிழ்த்து வைத்திருந்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவன் அதைக் கடைப் பையொன்றுக்குள் போடச் சொல்லி, பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனான்.

அம்மா திரும்பி வந்து மேசையைப் பார்த்தார். தேநீர் நிறைந்தபடி, மேலே ஆடை படர்ந்து கிடந்தது.

"வாய்க்குள்ளை வைச்சது இவன்ரையோ தம்பி?"

நான் தலையை ஆட்டினேன்.

அம்மா கோப்பையின் பிடியை இரண்டு விரலால் நுள்ளித் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். தேநீரை ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு குழாய் திறந்த சத்தம், உரஞ்சும் சத்தம். அது நிற்கவேயில்லை. நான் போர்வையோடு எழும்பிப் போய் வாசலில் நின்றேன்.

"அவன் வாய் வைக்கேல்லை அம்மா" என்று வராத குரலில் சொன்னேன்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் உரஞ்சிக்கொண்டே சொன்னார்: "கை வைச்சவன்தானே."